நாற்பத்தொன்றாம் துண்டறிக்கை

கருங்காலி செய்த குற்றங்கள் நான்கு. தொழிற்சங்கத் தலைவர் அவற்றை வரிசை மாற்றிச் சொன்னதே இல்லை.

ஒன்று, இருபத்திரண்டு வருடங்களுக்கு முன், பாட்டில் தொழிற்சாலை வேலைநிறுத்தத்தின் ஒன்பதாம் நாள், பின்வாசல் வழியாக வேலைக்குப் போனான். இரண்டு, அடுத்த வருடமே மேற்பார்வையாளர் ஆனான். மூன்று, தலைவரின் மகள் கல்யாணத்துக்கு அழைக்காமலே வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, சாப்பிடாமல் போனான். நான்கு, இப்போது தலைவருக்கே கம்ப்யூட்டர் சிபாரிசு செய்கிறான்.

அவன் தலைவர் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. அது அவன் குற்றம் இல்லை என்பதால் பட்டியலில் சேர்ப்பதில்லை.

மேஜையில் இரண்டு லேப்டாப்கள். ஒன்று, மகன் கடையில் சொல்லி, பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று கொண்டுவந்த விண்டோஸ். இன்னொன்று, அக்காவிடம் தம்பி கொடுத்தனுப்பிய லினக்ஸ்.

"இதுக்கு முதலாளியே கிடையாதாம். உலகம் பூரா பல பேர் சேர்ந்து செஞ்சு சும்மா குடுக்கிறாங்களாம். அத்தானுக்குத்தான் இது பொருத்தம்னு சொன்னான்," என்றாள் மனைவி.

"முதலாளி இல்லாத சமாச்சாரத்தைப் பத்தி எனக்கு அவன் வகுப்பெடுக்கிறானா?"

"வேற யாராவது சொல்லியிருந்தா தலையில வச்சு ஆடியிருப்பீங்க."

துணைத் தலைவர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். அவரையும் சங்கச் செயலாளரையும் தலைவர்தான் வரவழைத்திருந்தார். எதிராளியின் பொருளைச் சாட்சி இல்லாமல் தொடுவதில்லை என்பது அவர் கொள்கை.

"ஒன்பதாவது நாள் அவன் வீட்டுல அடுப்பு எரியலைங்க," என்றாள் மனைவி மெதுவாக.

"யார் வீட்டுல எரிஞ்சது?"

மனைவி இரண்டு லேப்டாப்களையும் துடைத்து நேராக வைத்தாள்.

சங்கத்துக்கு ஐம்பது வயது. தலைவர் எழுதிய நூற்று எண்பத்துமூன்று துண்டறிக்கைகளும் புத்தகமாக வரப்போகின்றன. திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அலுவலகத்தில் வெள்ளம் புகுந்தபோது தாள்கள் எல்லாம் கூழாகிவிட்டன. மிஞ்சியது, பழைய கம்ப்யூட்டர் உயிரை விடுவதற்குமுன் பென்டிரைவில் எடுத்து வைத்தது மட்டும்.

செயலாளர் அதை விண்டோஸில் செருகினார். திரை முழுக்கக் கொக்கியும் கோடும் கேள்விக்குறியும்.

"பொட்டி மேல தப்பில்ல தோழர். நம்ம அச்சகக்காரர் அந்தக் காலத்துல தானே செஞ்சுக்கிட்ட ஃபான்ட் எழுத்து இது. அவரோட போயிருச்சு. எந்தப் பொட்டியில போட்டாலும் இப்படித்தான் வரும்."

தலைவர் திரையைத் தன் பக்கம் திருப்பினார்.

"அப்ப நான் எழுதினது ஒண்ணுகூட மிச்சமில்லையா?"

மனைவி மற்ற லேப்டாப்பை நகர்த்தி வைத்தாள்.

"இதையும் ஒரு தடவை பாத்துருங்களேன்."

செயலாளர் திறந்தார். உள்ளே நூற்று எண்பத்துமூன்று கோப்புகள். ஒன்றைத் தட்டினார். தெளிந்த தமிழ்.

"அட, லினக்ஸ் கெட்டிதான்," என்றார் துணைத் தலைவர்.

"லினக்ஸ் செய்யலை தோழர். யாரோ உக்காந்து மொத்தத்தையும் புதுசா அடிச்சிருக்காங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு தேதி. வெள்ளம் வந்த மறுவாரம் ஆரம்பிச்சு ஒன்றரை வருஷம் அடிச்சிருக்காங்க. இனிமே நீங்க எந்தப் பொட்டி வாங்கினாலும் இது தெரியும்."

"தாளே இல்லாம எதைப் பாத்து அடிச்சாங்க?"

மனைவி தரையைப் பார்த்துச் சொன்னாள். "ஆலை கேட்டுல நீங்க குடுத்த தாள் எல்லாம் தம்பி வீட்டுல இருக்கு. ஒண்ணையும் தூக்கிப் போடலை."

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாப்பத்தொண்ணைத் திறங்க. ஒன்பதாம் நாள் அவனைப் பத்தி எழுதினது. எதை வெட்டினான், எதை மாத்தினான்னு சாட்சியோட பாத்துருவோம்."

செயலாளர் படித்தார். "'தோழர்களே, இன்று காலை பின்வாசலில் ஒரு கருங்காலி நுழைந்தான். அவன் நம் இனம் அல்ல. முதலாளியின் செருப்புக்கு அடியில் ஒட்டிய...'" தயங்கினார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? அந்த இடத்தை வெட்டிட்டானா?"

"இல்ல தோழர். 'சாணி'ன்னு இருக்கு."

தலைவரின் முகம் மாறியது.

"அது இருக்க முடியாதே. அன்னைக்கு அச்சடிக்கும்போது அந்த வார்த்தை மேல மை அப்பிருச்சு. ஒரு தாள்லகூட விழலை. மறுநாள் கேட் மீட்டிங்ல நான் வாயாலதான் சொன்னேன்."

"அப்ப கேட்டுக்கு உள்ள நின்னு கேட்டிருக்கார்," என்றார் துணைத் தலைவர். "இருபத்திரண்டு வருஷமா மறக்கலை."

செயலாளர் மீதியையும் படித்தார். ஒரு வசவும் குறையவில்லை. ஒரு புள்ளியும் மாறவில்லை.

"கீழ ஒரு வரி கூடுதலா இருக்கு தோழர். உங்க எழுத்து இல்ல, அவர் சேர்த்தது. எல்லாத்துலயும் போட்டிருக்கார். புத்தகத்துல எடுத்துரலாமா?"

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். முதலில் மனதுக்குள் படித்தார். பிறகு எழுந்து நின்றார்.

"எடுக்கக் கூடாது," என்றார்.

பொதுக்குழுவில் தீர்மானம் வாசிப்பதைப் போல, மூன்று பேர் காதிலும் விழும்படி, அந்த வரியை வாசித்தார்.

"தட்டச்சு: கருங்காலி."