லத்தீன் இருந்த வரைக்கும்

“பூசையில லத்தீனே இருந்துட்டுப் போவட்டும் சாமி. ஜனங்க அதுக்குப் பழகிட்டாங்க” என்றார் உபதேசியார் தைரியநாதன்.

கடலூர் முதுநகர்க் கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த பங்குச் சாமியார் சிரித்தார். “ரோமாபுரியே தமிழுக்குச் சரின்னு சொல்லியாச்சு, நீங்க தடுக்குறீங்களே. நாளைக்குப் பூசையில நான் பீடத்துல சுவிசேஷத்தை லத்தீன்ல வாசிப்பேன். நீங்க ஜனங்களைப் பாத்துத் தமிழ்ல வாசிக்கணும்.”

“தொண்டை கட்டியிருக்கு சாமி.”

“சுக்குக் கஷாயம் குடிங்க. ஒரு வார்த்தை விடக்கூடாது.”

வேறு ஞாயிறாக இருந்தால் தைரியநாதன் சந்தோஷமாகத் தலையாட்டியிருப்பார். நாளைய சுவிசேஷம் என்னவென்று தெரிந்ததுதான் வினை. காணிக்கையோடு பீடத்துக்கு வருகிறவன், சகோதரனுக்குத் தன்மேல் மனத்தாங்கல் இருப்பது ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானம் ஆகிவிட்டு வர வேண்டும் என்கிற பகுதி அது. கொஞ்ச காலம் குருமடத்தில் சாமியாருக்குப் படித்தவர் என்பதால் அவருக்கு லத்தீன் புரியும். வருஷா வருஷம் காதில் விழும்போதெல்லாம் சுருக்கென்று தைக்கும். ஆனாலும் கோயிலில் அது புரிகிற ஆள் சாமியாரை விட்டால் இவர் ஒருவர்தானே. பழைய சாமியாரும் பிரசங்கத்தில் வேறு எதையாவது பேசி முடித்துவிடுவார்.

தம்பி சந்தியாகு சிதம்பரத்தில் கடிகாரம் ரிப்பேர் செய்துகொண்டு, கல்யாணம் இல்லாமல் காலம் தள்ளுகிறான். அண்ணன் வீட்டு வாசலை மிதித்ததில்லை. தைரியநாதனின் பெண்டாட்டி அடைக்கலமேரியை முதலில் பேசி முடித்தது அவனுக்குத்தான். குருமடம் ஒத்துவராமல் திரும்பி வந்த தைரியநாதன், தம்பி கல்யாண வேலையாகப் பெண் வீட்டுக்குப் போனவர், பெண்ணைப் பார்த்து மனசைப் பறிகொடுத்துவிட்டார். தம்பிக்குக் காசநோய் என்று பெண்ணின் அப்பா காதில் போட்டார். சுத்தப் பொய். பிறகு, கல்யாணப் பேச்சு நின்றுபோன பெண்ணுக்குத் தானே வாழ்வு கொடுப்பதாகச் சொல்லி நல்ல பேரும் வாங்கிக்கொண்டார். பேர்தான் தைரியநாதன். இத்தனை வருஷத்தில் பெண்டாட்டியிடம் உண்மையைச் சொல்லத் துணிச்சல் வரவில்லை. தெரிந்தால் அவள் தன்னை விட்டுப் போய்விடுவாள் என்பதுதான் பயம்.

மறுநாள் வாசித்தார். ‘சகோதரன்’ என்ற இடம் வந்தது. லத்தீனில் எங்கேயோ யாருக்கோ சொன்ன மாதிரி இருந்தது, தமிழில் வீட்டு வாசலில் நின்று பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. மேரி உட்கார்ந்திருந்த பெண்கள் பக்கம் அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. அன்று பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் அப்பமான நன்மையும் அவர் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மேரி கேட்டாள். “என்னாங்க, நன்மை வாங்கலியே. உடம்புக்கு என்னா?”

“உடம்புக்கு ஒண்ணுமில்ல. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு நீ குறிஞ்சிப்பாடிக்கு உங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்னாலும் தடுக்க மாட்டேன்.”

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள்.

“சந்தியாகுவுக்குக் காசநோயே கிடையாது மேரி. நான் சொன்ன பொய் அது. உன்னைப் பாத்தப்புறம் விட மனசு வரல. கூடப் பொறந்தவன் பொழைப்பைக் கெடுத்துட்டேன். இத்தினி வருசமா அந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு முழுங்கிட்டேன். இன்னைக்கு என் வாயாலயே வாசிச்சப்புறம் முடியல. சிதம்பரம் போயி அவன் கால்ல விழப் போறேன்.”

சொல்லி முடித்ததும் மூச்சு லேசாக வந்தது. அழுவாள், ஏசுவாள் என்று காத்திருந்தார். மேரி உள்ளே போனாள். டிரங்குப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. குறிஞ்சிப்பாடிக்குத்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

புடவை மாற்றிக்கொண்டு வந்தவள், “எந்திரிங்க, சிதம்பரம் பஸ்ஸுக்கு நேரமாவுது” என்றாள்.

“நீ எதுக்கு மேரி? தப்புப் பண்ணவன் நான்.”

மேரி தலையை நிமிர்த்தவில்லை. “எங்க சின்னம்மா பெரியாஸ்பத்திரியில நர்சம்மாவா இருந்தாங்க இல்ல, நீங்க சொல்லிட்டுப் போன மறுநாளே விசாரிச்சு, அவருக்கு அப்பிடி ஒண்ணுமில்ல, பொய்யின்னு எங்கிட்ட வந்து சொல்லிட்டாங்க. வெளிய சொல்லாதீங்கன்னு அவுங்க கையைப் புடிச்சிக் கெஞ்சுனவ நான். எனக்கும் உங்களைத்தான் புடிச்சிருந்துது.”