ஸ்கூட்டரின் இருமல்

பூ விற்கும் தமயந்தியின் பழைய ஸ்கூட்டர் மேட்டில் இருமிக்கொண்டே ஏறும். அது குணமாகட்டும் என்று அவள் காலை டிபனை விட்டுவிட்டு, அந்தக் காசில் விலை கூடிய பிரீமியம் பெட்ரோலையே ஊற்றினாள். இருமல் நிற்கவில்லை.

"எனக்காகப் பசியோட ஓட்டுறா. பார்க்கவே முடியலை," என்றது ஸ்கூட்டர்.

எஞ்சினில் இருந்த அதன் ஸ்பார்க் பிளக் மெல்லச் சொன்னது: "தப்பு என் மேலதான். உடம்பெல்லாம் கரி. எந்தப் பெட்ரோலும் இதை எடுக்காது."

"அப்போ மெக்கானிக் கடை வாசல்ல நின்னுடலாமா?"

"நின்னுடலாம்."

அப்படியே நின்றுவிட்டன. மெக்கானிக் ஹமீது பிளக்கைக் கழற்றி, கரியைத் தேய்த்தெடுத்து மாட்டினார். "இந்த வண்டிக்கு சாதா பெட்ரோலே போதும்மா."

தமயந்தி சீட்டைத் தடவிக்கொடுத்தாள். "இத்தனை நாளும் இதுக்குத்தான் இருமினியா?"

அவளிடம் பேச ஸ்கூட்டருக்கு வழியில்லை. ஒரே உதையில் கிளம்பியது.