காட்டு ரோஜாவுக்குப் பக்க விளைவு இல்லை

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால், எனக்கு மிஞ்சியிருக்கும் மூன்று பல்லும் இன்றைக்கே கொட்டிப் போகட்டும்.

கூடத்தில் இடதுபக்க நாற்காலிகள் நிரம்பி வழிந்தன. வலதுபக்க நாற்காலிகளில் ஒருவர்கூட உட்காரவில்லை. அந்தப் பக்கத்தார் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

மூலிகைக் கடைக்காரி அதைப் பார்த்தாள்.

இரண்டு பக்கமும் முட்டிவலிக்காரர்கள்தான். ஒரு மாதமாக ஒரு பக்கத்தார் அவளுடைய காட்டு ரோஜாப்பழப் பொடியைத் தின்றார்கள். மறுபக்கத்தார் அதே நிறத்தில் சாயம் போட்ட சோளமாவைத் தின்றார்கள். எது எவருக்கு என்று கொடுத்தவருக்கும் தெரியாது, தின்றவருக்கும் தெரியாது. டப்பாவின் அடியில் ஒட்டியிருக்கும் கறுப்பு நாடாவைக் கிழித்தால்தான் தெரியும்.

இதற்கு ‘இரட்டைக் கண்கட்டு ஆய்வு’ என்று பெயர். பெயரைக் கேட்டதும் யாரோ வித்தை காட்டப்போகிறார்கள் என்று பாதித் தெரு வந்து ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தது.

ரோஜா தோற்றால் கடையும் தோற்றது. அந்தப் பொடியை எடுத்துவிட்டால் அவள் கடையில் இருமல் மிட்டாய்தான் மிச்சம். மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி வரும்போதே பூட்டோடுதான் வந்திருந்தார்.

வம்பை இழுத்துவிட்டவன் அவளுடைய தம்பி. ஆய்வகத்தில் வேலை. சோற்றில் கை வைக்கும்போதுகூட, “ஆதாரம் எங்கேக்கா?” என்பான்.

“உன் மாமா நடக்குறாரே, அது ஆதாரம் இல்லையாடா?”

“மாமா உன்னைப் பார்த்து ஓடுறாரு. அது வேற வியாதி.”

அந்தப் பேச்சு அவளைச் சுட்டுவிட்டது. ஆய்வுக்குப் பொடி இடிக்கும்போது, வழக்கமாக எடுக்கும் சல்லடையை அவள் தொடவே இல்லை. வீரியத்தில் ஒரு துளிகூடத் தப்பிவிடக் கூடாது என்று, தோலும் விதையுமாக முழுப் பழத்தையும் இடித்துப் போட்டாள். தம்பியிடம் தோற்பதாவது.

அதிகாரி வலதுபக்கத்தாரை விசாரித்தார்.

ஓய்வுபெற்ற தபால்காரர், கட்டிலைவிட்டு இறங்காதவர், அன்று காலை பேருந்தில் ஏறியிருக்கிறார். இடமும் கிடைத்திருக்கிறது. கிடைத்தும் உட்காராமல் இறங்கி ஓடிவந்தார். பேருந்து அவருக்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தது. ஓட்டுநர் சாட்சி.

தையல்காரர் இப்போதெல்லாம் நின்றுகொண்டேதான் தைக்கிறார். ஒரு காலால் மிதிக்கிறார், மறுகாலால் தாளம் போடுகிறார்.

பெரிய டீச்சர், தான் பல வருடம் குடியிருந்த சோபாவை எதிர்வீட்டுக்குத் தானமாகவே கொடுத்துவிட்டார்.

“இப்ப எப்படிம்மா இருக்கு?” என்றார் அதிகாரி.

“நிக்கணும், நடக்கணும்னே இருக்கு சார். உட்காரணும்னு மட்டும் தோணலை.”

இடதுபக்கத்தார் உட்கார்ந்த இடத்திலிருந்தே பொறாமையில் வெந்தார்கள்.

தம்பி முகம் மலர்ந்துதான் இருந்தது. ஆனால் வேலை வேலைதானே. எழுந்தான். “பலன் சரி. பாதுகாப்பையும் பார்க்கணும். பக்க விளைவு ஏதாவது உண்டா?”

கடைக்காரி அதிகாரியின் பூட்டைப் பார்த்தாள்.

நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தபால்காரர் தன் இரண்டு விலாவையும் தடவிப் பார்த்தார். டீச்சர் தொண்டையைச் செருமினார்.

“பக்கத்துல ஒண்ணும் இல்லைங்க.”

“பக்கத்துல இல்லவே இல்லை” என்றார் தையல்காரர்.

எல்லாரும் தலையாட்டினார்கள். அதற்குமேல் விளக்க எவருக்கும் நாக்கு எழவில்லை. ஆணும் பெண்ணும் கலந்திருந்த சபை.

“பக்க விளைவு, இல்லை” என்று அதிகாரி கூடம் அதிர அறிவித்தார். வலதுபக்கத்தாரின் டப்பாவைக் கவிழ்த்தார். நாடாவைக் கிழித்தார்.

ரோஜா.

ஜன்னலில் தொங்கியவர்கள் விசிலடித்ததில் இரண்டு பேர் கீழே விழுந்தார்கள். தம்பி ஓடிவந்து அக்காவை அலாக்காகத் தூக்கிவிட்டான். “ஒத்துக்கிறேன்கா. ஒத்துக்கிறேன்.” அவள் வாழ்நாளில் அவன் முதன்முதலாகச் சொன்ன சொல் அது. கீழே இறக்கச் சொல்ல அவளுக்கு மனமே வரவில்லை.

அதிகாரி பூட்டை அவளிடமே கொடுத்தார். இனிமேல் வரப்போகும் கூட்டத்துக்குக் கடையில் நல்ல பூட்டு வேண்டுமே என்றார்.

கடைவரை ஊர்வலம். வலதுபக்கத்தார் முன்னால் குதித்துக்கொண்டு போனார்கள். வழியில் வண்டி நிறுத்திக் கூப்பிட்டவர்களிடமெல்லாம், ஏற மாட்டோம் என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். நடுவில் அவள், தலை நிமிர்ந்து, ஒரு நாட்டையே பிடித்துவிட்ட நடையில் வந்தாள்.

காட்டு ரோஜாப் பழத்துக்குள் விதையைச் சுற்றி நுண்ணிய ரோமம் இருக்கும். அதைச் சலித்து எடுக்காமல் தின்றால், உட்காருகிற இடத்தில் அரிப்பெடுக்கும்.