கப்பல் தண்ணீரில் ஒரு சொட்டு

சுற்றுலாக் கப்பல் மரக்காணக் கரைக்கு எதிரே கடலில் போகிறது. அறையின் பால்கனியிலிருந்து கரை வெறும் கோடுதான். தூக்கத்தில் மூச்சு அடைக்காமலிருக்க மாட்டிக்கொள்ளும் சீபேப் இயந்திரத்தின் முகமூடியும் குழாயும் நாற்காலியில் சுருண்டு கிடக்கின்றன. அதில் ஊற்றச் சிப்பந்தி கொடுத்த டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டை, உப்பளக்காரர் தங்கராசு தம் கறுப்புப் பயணப்பெட்டியின் மூடிமேல் விட்டு வெயிலில் காயவைக்கிறார். "கப்பல்ல எல்லாமே கடல் தண்ணியக் காய்ச்சுனதுதான். ராத்திரி பூரா நெஞ்சுக்குள்ள போறது, உப்பு இருக்குதான்னு பாக்க வேணாமா?" "சீல் ஒடைக்காத பாட்டிலுங்க" என்கிறாள் மனைவி வைஜெயந்தி. சொட்டு சுருங்கி மறைகிறது. வெள்ளை படியவில்லை. உப்புப் பாத்தியில் இப்படி ஒன்றும் படியாமல் போனால் வயிறு எரியும். இங்கே படியாததுதான் நல்லது; ஆனாலும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. அந்த இடத்தை விரலால் தேய்த்து நாக்கில் வைக்கிறார். "கரிக்குதுடி!" வைஜெயந்தி அந்தக் கையைப் பிடித்து விரித்துக் காட்டுகிறாள். "முப்பது வருஷமா உப்பு வாரின கைங்க இது. எதத் தொட்டு நக்குனாலும் கரிக்கத்தான் செய்யும்."