சிம் பின் எங்கே?

புதுப் போன் வந்த டப்பாவில், சிம் தட்டைத் திறக்கும் சிம் பின்னைக் காணோம். சுப்பராயன் ஓர் ஊக்கால் குத்தித் தன் சிம்மை வெளியே எடுத்து, பழைய போனில் போட்டார். அதுவும் அதே கம்பெனி போன்தான்; அதன் சிம் தட்டும் ஊக்குக்குத் திறந்தது. உடனே டவர் வந்துவிட்டது!

அவருக்கும் மனைவி கோமளாவுக்கும் சர்க்கரை. இருவரும் எங்கே போகிறார்கள் என்று அவர்களுடைய புதுப் போன்களை வைத்தே ஆபீஸிலிருந்து வேவு பார்ப்பாள் மகள் நிவேதிதா. இன்று அவருடைய புதுப் போன் வீட்டு வைஃபையில் கட்டிலில் கிடந்தது. ஆகவே மகளின் கணக்கில் அப்பாவும் கட்டிலில்தான்!

கோமளா தையல் பழக அடுத்த வீட்டு சபீனாவிடம் போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். சுப்பராயன் ஆவடி மார்க்கெட்டுக்குப் பறந்தார்.

மிட்டாய்க்கடையில் ஜேஜே என்று கூட்டம். தூணோரம் உட்கார்ந்து முதல் ஜிலேபியைக் கடித்ததும் போன் அடித்தது. கோமளா!

"எங்க கீறீங்க?"

"ஊட்லதான். படுத்துகினு கீறேன். நீ?"

"சபீனா ஊட்ல ஜாக்கெட் தச்சிகினு கீறேன். பாவக்கா ஜூஸ் குடிச்சீங்களா?"

"குடிச்சிட்டேன். ஒரே கசப்பு!"

"அண்ணாத்தே, ஜாங்கிரி சூடா ரெடி!" என்று அடுப்பருகிலிருந்து மாஸ்டர் கத்தினார்.

அது சுப்பராயனின் ஒரு காதில் நேராக விழுந்தது. மறு காதில் போன் வழியாக விழுந்தது.

மெல்லத் தூணுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். ஒரு கையில் பழைய போனும் மறு கையில் ஜாங்கிரியுமாகக் கோமளா!

இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

கோமளா பர்ஸைத் திறந்து சிம் பின்னை எடுத்து நீட்டினாள்.

"அடுத்த வாட்டி ஊக்கால குத்தாதீங்க. போன் பாழாப் பூடும்."