வெறும் சகதி

மறுபடியும் கலங்கல் தண்ணீர்.

கையை நீட்டினால் விரல் நுனி தெரியவில்லை. வாயில் கவ்விய குழாய்க்குள்ளேயே ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். அது குமிழிகளாய் மேலே போயிற்று.

மேலே அவள் கணவன் கிளாட்வின் இருக்கிறான். வள்ளத்தில் குத்தவைத்து, ஆழம் காட்டும் கருவியை முறைத்துக்கொண்டு. அவள் தலை வெளியே தெரிந்ததும் கேட்பான்.

"ஏட்டி, ஏதும் தட்டுப்பட்டுச்சா?"

காலையிலிருந்து இதே பாட்டு. என்ன மீன், தரை எப்படி, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்குது. ஒன்றுமில்லை என்று சொன்னாலும் விடுவதில்லை. எப்படி ஒன்றுமில்லாமல் போகும் என்று அதற்கும் அவளிடமே கோபித்துக்கொள்வான்.

தெரிந்த பவளப்பார்களிலெல்லாம் இப்போது மற்றவர்களின் படகுகள். முக்குளிக்க வருகிற சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டப் புது இடம் வேண்டும். சரி. அதற்காக அவளைக் கடல் முழுக்க இப்படித் தனியாக முக்கி எடுக்க வேண்டுமா? தனியாக இறங்கக் கூடாது என்று ஊருக்கே பாடம் எடுத்தவன் அவன்தான்.

அவன் கூட வர முடியாது. போன வருடம் அவசரமாக மேலே வந்ததில் நுரையீரல் கிழிந்தது. இன்னொரு முறை இறங்கினால் உயிர் மிஞ்சாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தான்.

"நல்ல பார் ஒண்ணு மட்டும் கெடைக்கட்டும். ஒரே ஒரு தடவ எறங்கிட்டு வந்துருதேன்."

முக்குளிக்கும் உடுப்பைக்கூடப் பையில் போட்டு வள்ளத்திலேயே வைத்திருக்கிறான்.

அந்தக் கோபத்தில் காலை ஓங்கி உதைத்துக் கீழே பாய்ந்தாள்.

கலங்கல் விலகியது.

கீழே நீலம்.

நீலத்துக்குள் மலைபோல் ஒரு பார். அதன் விளிம்பெல்லாம் சிவந்த கடல் விசிறிகள். மஞ்சள் மீன்கள் ஒன்றாகத் திரும்பின, ஒன்றாக மறைந்தன. ஒரு பொந்திலிருந்து ஆட்டுக்கடா அளவுக் கலவா மீன் எட்டிப் பார்த்தது. யார் வீட்டுக்குள் யார் என்பதுபோல்.

நங்கூரம் உரசிய தடம் எங்கும் இல்லை.

"பாருங்களேன்" என்று காட்டப் பக்கத்தில் கையை நீட்டினாள்.

பக்கத்தில் யாரும் இல்லை.

சிலிண்டரின் காற்றளவு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொடும்வரை அங்கேயே மிதந்தாள். பிறகு மெல்ல மெல்ல மேலே வந்தாள்.

அவன் கேட்பதற்கு முன்பே சொன்னாள்.

"வெறும் சகதி. வள்ளத்த எடுங்க, வீட்டுக்குப் போவோம்."

அவன் குனிந்து அவள் முதுகுச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டான். முள்ளைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

சகதியைப் பார்க்க யாரும் அவ்வளவு காற்றைச் செலவழிப்பதில்லை.

அவன் கண் பையின் பக்கம் போயிற்று.

"எறங்குங்க" என்றாள். "எறங்கிச் சாவுங்க. எனக்கென்ன."

அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

பையின் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஈரத் தலைமேல் ஒரு துண்டு விழுந்தது.

கிளாட்வின் வள்ளத்தின் அடிப்பலகையில் மல்லாந்து படுத்தான்.

"சொல்லுட்டி" என்றான்.

எங்கே தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. நீலத்தைச் சொன்னாள்.

அவன் கண்களை மூடினான். இறங்குகிறவனைப் போல, மெதுவாக மூச்சை இழுத்தான்.