மேடைத் தராசு

மூன்று தலைமுறையாகத் தராசு செய்து விற்கும் குடும்பம் எங்களுடையது. எங்கள் தராசு பொய் காட்டியது என்று எவனும் சொன்னதில்லை.

திங்கட்கிழமை காலையில் ஊழியர் கூட்டம் நடக்கும். எல்லோரும் நாற்காலியில் உட்காருவோம். என் தம்பி மட்டும் மூலையில் இருக்கும் பெரிய மேடைத் தராசின் மேல் நின்றுகொண்டு கேலி பேசுவான். முள் ஐம்பத்தெட்டு கிலோவில் நிற்கும்.

அவன் இறந்த பிறகு நடந்த முதல் கூட்டத்தில், நான் பேசத் தொடங்கியதும் முள் ஐம்பத்தெட்டுக்கு ஏறியது. கூட்டம் முடிந்ததும் இறங்கியது. அடுத்த வாரமும் அப்படியே.

"முதலாளி, ஸ்பிரிங் போயிடுச்சு. கழட்டிப் பார்க்கட்டுமா?" என்றார் மெக்கானிக்.

"எங்கப்பா செஞ்ச தராசுய்யா. அதுல கோளாறுன்னு இந்தக் கடைக்குள்ள யாரும் சொல்லக் கூடாது."

"அப்ப மேல நிக்கிறது சின்ன முதலாளியா? சம்பளம் போட்டாச்சா அவருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"தராசு காட்டுதுன்னா ஆள் இருக்குன்னு அர்த்தம்," என்றேன். சிரிப்பு நின்றது.

மெக்கானிக்கின் எடை எழுபத்தொன்று. பழுது பார்த்த தராசுகளில் அவரே ஏறி நின்று சோதிப்பதால் கடையில் எல்லோருக்கும் அது தெரியும்.

இன்று அவர் கூட்டத்துக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டு நான் பேசத் தொடங்கினேன். முள் ஐம்பத்தெட்டைத் தாண்டிப் போய் நூற்று இருபத்தொன்பதில் நின்றது.

கணக்குப் பார்க்கும் அம்மா மெக்கானிக்கின் காலி நாற்காலியைப் பார்த்தார். "கோளாறுதானே முதலாளி? கோளாறுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்."

"கோளாறுதாம்மா," என்றேன். எங்கள் குடும்பத்தில் அப்படிச் சொன்ன முதல் ஆள் நான்.

முள் அசையவில்லை.